அஸர் பாங்கு சொன்னதும் வா

செய்னுலாப்தீன் மரைக்காருக்கு ஒரு பழக்கம். வீட்டை விட்டு இறங்கினால் பெண்சாதிக்கு முன்னால்தான் நடப்பார். கொஞ்சம் முன்னால் என்றாலும் பரவாயில்லை. றம்லா செருப்பை மாட்டிக் கேற்றைச் சாத்திவிட்டு நிமிர்ந்தால் மனுஷன் நுரைச்சோலைச் சந்தியில் நிற்பார். நின்றுகொண்டு, "என்ன புள்ள, ஊர்வலமா வாறாய்?" என்று அங்கிருந்தே ஏசுவார். கெட்டவர் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார், வெங்காயத் தோட்டத்தில் நாலு குடும்பத்துக்கு வேலை கொடுக்கிறார். வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாயும் அந்தக் காலும் சேர்ந்து இந்தியாவிலே, ஹைதராபாத் என்ற பழைய ராஜதானியின் நட்டநடு றோட்டில், அவரை என்ன பாடு படுத்தின என்பதுதான் கதை.

மகன் ஹிஷாமுக்குக் கட்டாரில் வேலை. அவனோடு ஒரே அறையில் இருப்பவன் ஹைதராபாத்காரன். அவனுடைய தங்கைக்குக் கல்யாணம் வந்தது. ஹிஷாமுக்கு லீவு கிடைக்கவில்லை. "எனக்குப் பதிலா நீங்களும் உம்மாவும் போய் வாங்க வாப்பா. கோட்டை, அரண்மனை, பள்ளிவாசல் எல்லாம் பாத்துட்டு வரலாம்" என்று டிக்கெட்டையும் போட்டுவிட்டான். செய்னுலாப்தீன் முதலில் முரண்டு பிடித்தார். வெங்காயம் பிடுங்குகிற நேரம் என்றார், ஆர் பார்ப்பது என்றார். றம்லா அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இந்த நுரைச்சோலைக் கரைக்கு வந்தவள், அதற்குப் பிறகு பயணம் என்று எங்கே போனாள்? யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் மன்னாருக்குப் போய், பற்றை மண்டிக் கிடந்த பழைய வீட்டு வளவைப் பார்த்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பொழுதுபட ரயிலேறிச் சென்னைக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் பிளேன். பகல் முழுக்கச் சும்மா இருந்தது. கல்யாண வீட்டார் காரைக் கொடுத்துச் சாரதியையும் கொடுத்து, ஊரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். பொழுதுபடுவதற்குள் பெரிய பள்ளிவாசலின் வாசலுக்குக் கார் வரும், பெட்டிகளோடு அப்படியே ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று ஏற்பாடு.

காலையில் கோல்கொண்டாக் கோட்டை. கீழ்வாசலில் நின்று கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும் என்றார்கள். ராஜாவுக்குச் சேதி சொல்ல அந்தக் காலத்தில் அப்படிக் கட்டி வைத்தார்களாம். றம்லாவுக்கு முழங்கால் வலி. அவளைக் கீழே விட்டுவிட்டு இவர் தம் பிடித்து உச்சிக்கு ஏறினார். அவள் தட்டினாள். பக்கத்தில் நின்று தட்டினது போல் கேட்டது. சந்தோஷம் தாங்காமல் "கேக்குது புள்ள, கேக்குது" என்று மேலிருந்து கத்தினார். அது அவளுக்குக் கேட்கவில்லை.

நண்பகல் தொழுகையான லுஹருக்கு அந்தப் பெரிய பள்ளிவாசலுக்கு, மக்கா மஸ்ஜிதுக்கு, வந்தார்கள். கருங்கல்லில் எழுப்பிய பள்ளிவாசல். அதன் நடுவளைவுக்கு மக்காவிலிருந்து மண் கொண்டுவந்து கல் சுட்டார்கள் என்று ஒரு கதை. முற்றம் முழுக்கப் புறா. செய்னுலாப்தீன் தான் முசாபிர், பயணி, என்பதை ஊரைவிட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து மறக்காதவர். பயணிக்கு மார்க்கம் கொடுத்த சலுகைப்படி லுஹரையும் பிற்பகல் தொழுகையான அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதார். இந்தியாவில் கால் வைத்த நாளிலிருந்து அப்படித்தான் தொழுகிறார். றம்லாவும் பெண்களுக்கென்று விட்டிருந்த ஓரத்தில் அப்படியே தொழுதாள். அஸர் முடிந்துவிட்டது, இனிப் பொழுதுபடும் வரைக்கும் கவலை இல்லை.

பிறகு சௌமஹல்லா அரண்மனை. பள்ளிவாசலிலிருந்து நடக்கிற தூரம். வெள்ளை மண்டபமும், கூரையிலிருந்து குலைகுலையாகத் தொங்கும் கண்ணாடி விளக்குகளும், நிஜாம்மார் இருந்த மேடையும், அவர்கள் சாப்பிட்ட பீங்கான்களும் என்று பார்த்துத் தீராது. செய்னுலாப்தீன் பார்த்துத் தீர்த்துவிட்டார். பஸ்ஸுக்கு ஓடுகிறவர் போல ஒவ்வொரு அறையாக நுழைந்து வெளியே வந்து, "பாத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். றம்லா ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வேரோடி நின்றாள்.

"இவ்வளவு கோப்பையையும் ஆரு கழுவின?" என்றாள்.

"கழுவினவள் மவுத்தாப் போய் எத்தினை காலம். வா, சார்மினாருக்கு ஏறுவம்."

"எனக்கு ஏற ஏலா. நீங்க போங்க. நான் இத ஆறுதலாப் பாக்கப் போறன்."

அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. "அப்ப சரி. அஸர் பாங்கு சொன்னதும் பள்ளிவாசல் பெரிய வாசலுக்கு வா. வந்த வழிதான், தவற ஏலா" என்று சொல்லிவிட்டு நடந்தார். நுரைச்சோலைப் பக்கத்தில் எவரும் நாலு மணிக்கு வா, ஐந்து மணிக்கு வா என்று சொல்லமாட்டார்கள். லுஹருக்குப் பிறகு கதைப்பம், அஸரோட வாறன், இஷா முடிய லொறி வெளிக்கிடும், இதுதான் கணக்கு. தொழுகைக்கு அழைக்கிற பாங்கு ஊருக்கெல்லாம் கேட்கும், கடிகாரம் பார்க்காதவருக்கும் கேட்கும். றம்லா சரி என்று தலையாட்டினாள்.

சார்மினாரில் ஏறி இறங்கினார். தண்ணீர் குடித்தார். கைப்பேசியைப் பார்த்தார், மூன்றரை தாண்டியிருந்தது. ஊரில் இந்நேரம் பாங்கு சொல்லி ஜமாஅத்துத் தொழுகையும் முடிந்திருக்கும். இங்கே பாங்கு காதில் விழவில்லைதான்; ஆனால் சார்மினாரடியில் ஓட்டோக்காரன்மார் அடிக்கிற ஹோர்ன் சத்தத்தில் எந்தப் பாங்கு கேட்கும்? விறுவிறுவென்று பள்ளிவாசல் பெரிய வாசலுக்கு வந்து நின்றார். றம்லா இல்லை.

வருவாள், முழங்கால் வலிக்காரி, என்று நின்றார். ஆள் வரவில்லை. "கோப்பைய எண்ணிட்டு நிக்கிறாளாக்கும்" என்று தனக்குள்ளே ஏசினார். இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு அந்த ஏச்சு வாயிலேயே செத்துப்போனது. அவளிடம் கைப்பேசி இல்லை. இந்திய சிம் போட்டது இவருடையதில் மட்டும்தான். கையில் காசும் கொடுக்கவில்லை. இரண்டு பாஸ்போர்ட்டும் இவருடைய இடுப்புப் பைக்குள் இருந்தன. அவளுக்கு உருது தெரியாது, தெலுங்கு தெரியாது, தங்கியிருந்த வீடு எந்தத் தெருவில் என்பதும் தெரியாது. இவருக்கே தெரியாது. பொழுதுபட ரயில்.

அரண்மனைக்கு ஓடினார். மறுபடி டிக்கெட் வாங்கி உள்ளே போய், மண்டபம், விளக்கு, பீங்கான் எல்லாவற்றையும் இரண்டாவது முறையாக இன்னும் வேகமாகப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வேறு யாரோ ஒரு குடும்பம் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தது. வெளியே வந்து காவலாளியிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பெண்சாதியைக் காணவில்லை என்றார். எப்படி இருப்பாள் என்று அந்த ஆள் கையால் கேட்டான். செய்னுலாப்தீன் தன் தோளுக்குக் கீழே கையை வைத்து உயரம் காட்டினார். கறுப்பு அபாயா என்று தன் சேர்ட்டைத் தொட்டுக் காட்டி, பக்கத்தில் போன ஒருத்தியின் உடையையும் காட்டினார். காவலாளி தெருவைப் பார்த்தான். தெரு முழுக்கக் கறுப்பு அபாயா. பெரிதும் சிறிதும், தனியாகவும் கூட்டமாகவும், வளையல் கடைகளில் குனிந்தும் நிமிர்ந்தும் நூறு கறுப்பு அபாயா.

ஒவ்வொருத்தியையும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு ஓடினார். ஒருத்தியின் பின்னால் "றம்லா" என்று போய் நின்று, திரும்பியவளிடம் கையெடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. காலையில் கோட்டையிலே ஒரு கைதட்டு மலை உச்சிக்குக் கேட்டதே, இங்கே தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அடுத்த கடைக்குக் கேட்காது. வளையல் கடைக்காரர் ஒருவர் இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். உட்காரவில்லை. மகள் றுமைஸாவுக்கு நுரைச்சோலைக்கு அழைப்பெடுத்தார்.

"மகள், உம்மாவக் காணல்ல."

 "எங்க வெச்சு வாப்பா? நீங்க கூட இருக்கல்லயா?" என்று கேட்டாள்.

"நான் சார்மினாருக்குப் போனன். அஸரோட வாசலுக்கு வரச் சொன்னன். வரல்ல."

"அழாம சொல்லுங்க வாப்பா. ஆக்களிட்ட உம்மாட அடையாளம் சொன்னீங்களா?"

"கறுப்பு அபாயா எண்டன்."

"அது எல்லாரும் போடுறதுதானே. உம்மா இடது கால இழுத்து நடப்பா. கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நடப்பா. அத சொன்னீங்களா?"

 அவருக்கு அது தெரியாது. வலது காலா இடது காலா என்று யாராவது கேட்டிருந்தால் வலது கால் என்றுதான் சொல்லியிருப்பார். முன்னால் நடக்கிறவருக்குப் பின்னால் வருகிறவளின் நடை எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் கூட வாழ்ந்த பெண்சாதியைத் தெருவில் நின்று ஒரு அந்நியனுக்கு அடையாளம் சொல்லத் தெரியாத மனுஷன், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்து என்ன, தோட்டம் வைத்திருந்து என்ன. கைப்பேசியைக் காதோடு வைத்தபடி வளையல் கடைக்கு முன்னால் நின்று அழுதார். கடைக்காரர் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்டத் தள்ளினார்.

முன்பும் ஒருமுறை அவளைத் தொலைத்துத் தேடியவர்தான் அவர். தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று இயக்கத்தின் கட்டளை வந்தபோது, றம்லாவையும் கைக்குழந்தையாக இருந்த றுமைஸாவையும் கடல் வழியாக முதலில் போன போட்டொன்றில் ஏற்றிவிட்டார். "கரையில நில்லு, நான் வாப்பாவக் கூட்டிக்கிட்டு வாறன்" என்று சொல்லி அனுப்பினார். படுக்கையில் கிடந்த வாப்பாவைத் தூக்கிவந்து போட்டில் ஏற்ற நாள் எடுத்தது. கடலும் மழையும் வேறு. கடைசியில் நுரைச்சோலைப் பக்கத்துக் கண்டக்குழிக் கரையில் இறங்கினால், றம்லா பிள்ளையோடு நிற்கிறாள். இதைக் கல்யாண வீடுகளில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது கடைசியில், "நான் வருவன் எண்டா வருவன்" என்று முடிப்பார். கேட்பவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். இன்றைக்கு அந்தக் கதை அவருக்குத் தைரியம் தரவில்லை. அன்று அவள் நின்றது சொந்தக் கடல், சொந்த பாஷை. இங்கே யார் கையைப் பிடித்துக் கொண்டுபோனாலும் கேட்க ஆளில்லை.

பள்ளிவாசல் வாசலுக்கே திரும்பி வந்தார்.  வெயிலில், ஒரு இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வருகிற போகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தபடி நின்றார். யா அல்லாஹ், அவளைத் தந்துவிடு, இனிமேல் ஏசமாட்டேன் என்றார். பொலிசுக்குப் போவதென்றால் எந்தப் பக்கம் என்று பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்கத் திரும்பினபோதுதான் தலைக்கு மேலே பாங்கு எழுந்தது.

திகைத்துப்போனார். இது என்ன பாங்கு? பொழுதுபட்ட பிறகு வரும் மஃரிபு என்றால் இன்னும் வெயில் கிடக்கிறதே. அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது. முற்றத்துப் புறாக்கள் ஒரு வட்டம் சுற்றி மறுபடி இறங்கின. உள்ளேயிருந்து ஆண்களும் பெண்களும் வருவதும் போவதுமாக இருந்த கூட்டத்துக்குள்ளே, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து ஒரு கறுப்பு அபாயா வந்தது.

றம்லாதான். ஆறுதலாக வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"என்ன, முகமெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்குது?" என்றாள்.

 "எங்க போனாய்" என்பதைக் காற்றாகத்தான் சொன்னார்.

"எங்க போனன்? உள்ளதான் இருந்தன். அரண்மனையில கால் வலிச்சுது, வெள்ளனவே வந்து நிழலுக்க குந்தினன். அஸர் பாங்கு சொன்னதும் வா எண்டீங்க. இப்ப சொன்னாங்க. வந்தன்."

பாங்கு இன்னும் முடியவில்லை. செய்னுலாப்தீனுக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. நம் ஊரில் பின்பற்றுகிற மார்க்கச் சட்டப்பிரிவு ஷாபி மத்ஹப். ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீண்டதும் அஸர் வந்துவிடும். இங்கே இருப்பவர்கள் ஹனபி. நிழல் இரண்டு மடங்கு நீள வேண்டும், ஊருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலே பிந்தித்தான் பாங்கு. இது அவருக்குத் தெரியாததா? பள்ளியில் இளசுகளுக்கு விளக்கம் சொல்கிறவர். கிதாபில் படித்தது தலைக்குள் பத்திரமாக இருந்தது, காலுக்கு அது தெரியவில்லை. லுஹரோடு அஸரையும் சேர்த்துத் தொழுதுகொண்டே திரிந்ததில், இந்த ஊர் அஸர் எப்போது என்று பார்க்க ஒரு நாளும் தேவை வரவில்லை. அவள் சொன்னபடி செய்தாள். அவர்தான் தான் சொன்னதற்கு ஒரு மணித்தியாலம் முந்தி வந்து நின்றார்.

சிரிப்பு வந்தது, அழுகையும் விட்டபாடில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தெரியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில் இப்படி என்று றம்லா கூச்சப்பட்டு, அவரை உள்ளே கூட்டிப்போய் நிழலில் ஒரு கல்லாசனத்தில் இருத்தினாள். அதற்குள் கைப்பேசி அடித்தது. "உம்மா வந்திட்டா" என்று மட்டும் சொல்லி அவளிடம் கொடுத்தார். றுமைஸா அல்ஹம்துலில்லாஹ் என்று அழுவது இவருக்கும் கேட்டது. பிறகு மகள் என்னென்னவோ சொன்னாள், றம்லா "ஓமா?" என்று கேட்டு இவரை ஒரு பார்வை பார்த்தாள். கைப்பேசியை வைத்தபின்னும் அந்தப் பார்வையை எடுக்கவில்லை.

"அழுதீங்களாம்."

"ஓம்" என்றார். "நீ உள்ள இருந்து என்னைக் காணல்லயா?"

"கண்டன். ரெண்டு மூணு தரம் வாசலால ஓடினீங்க. என்னமோ சாமான் வாங்கத் திரியுறார் எண்டு நினைச்சன்."

"கண்டா வெளிய வரத்தானே வேணும் புள்ள."

"முந்தி வந்து நிண்டா ஏசுவீங்களே."

"நானா? வந்து நிக்கிறதுக்கு நான் ஏன் ஏசுறன்?"

"வெயிலுக்க ஏன் வந்து நிக்கிறாய், அறிவில்லையா எண்டு." கோபமில்லாமல்தான் சொன்னாள், சோற்றுக்கு உப்புப் போதாது என்று சொல்கிற குரலில். "கண்டக்குழியில போட்டால இறங்கி வந்து முதல்ல அதுதான் கேட்டீங்க. கைப்புள்ளைய வெயிலுக்க வெச்சுக்கிட்டு நிக்கிறியே, அறிவில்லையா எண்டு. அந்த நாளிலிருந்து நீங்க வரச் சொன்ன நேரத்துக்கு முந்தி எங்கயும் வந்து நிக்கிறல்ல."

செய்னுலாப்தீன் கல்யாண வீடுகளில் சொன்ன கதையில் இந்த வசனம் கிடையாது. அப்படிச் சொன்னேனா என்று கேட்கத்தான் வந்தது. கேட்காமலே தெரிந்தது, சொல்லியிருப்பார் என்று. கடல் உப்புக் காய்ந்த முகத்தோடு, வாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைக் கண்ட சந்தோஷத்தில் அந்த நீள வாய் வேறு என்னத்தைச் சொல்லியிருக்கும்? தொழுகைக்கு வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர் அஸரை எப்போதோ தொழுது முடித்துவிட்டார், எழும்ப வேண்டிய அவசரம் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இருந்தார்.

"அந்தக் கரையில எப்பிடி இருந்தாய் புள்ள?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. தான் வந்த கதையைத்தான் சொல்லியிருக்கிறார்.

றம்லா புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் போய் இருக்கச் சொல்லி ஆட்கள் வந்து கூப்பிட்டதும், நான் போனால் இவர் வந்து தேடுவார் என்று இவள் மாட்டேன் என்றதும், கரையில் ஒரு மீன்வாடிக்காரர் மனுஷி பிள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்ததும், ராவில் ஒவ்வொரு போட்டு வெளிச்சத்துக்கும் எழும்பி ஓடினதும் எல்லாம் சொன்னாள். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. அது அவருக்குப் புதுப் பழக்கம்.

"எத்தினை போட் வந்திச்சு?" என்று கடைசியில் கேட்டார்.

"எண்ணல்ல. வந்த ஒவ்வொண்டிலயும் நீங்க இல்ல, அது மட்டும்தான் தெரியும்."

செய்னுலாப்தீன் சால்வையால் முகத்தைத் துடைத்தார். பெரிய வாசலில் தங்களுடைய கார் வந்து நிற்பதை இருவரும் கண்டார்கள். இருவருமே எழும்பவில்லை.

"கடைசிப் போட்டுல இருந்தன்தானே" என்றார் மெதுவாக.

"ஓம், இருந்தீங்க" என்றாள் றம்லா. அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க ஏசின சத்தத்தைக் கேட்ட பொறகுதான் நீங்க உசிரோட வந்தது உண்மை எண்டு எனக்கு நம்பிக்கை வந்திச்சு."